"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" கோஷ்டிக்கு...

முதல்லயே டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இது வைத்தியக் குறிப்பும் இல்லை. மருந்து, அளவு, நாள் கணக்கெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. இது ஒரு சண்டைப் பதிவு. யார் கூட சண்டைன்னு கடைசியில் தெரியும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

அஞ்சு மாசமா கடையைச் சாத்தி வெச்சிருந்தேன். "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்?"னு மெயில் போட்ட மக்களுக்கு நன்றி. காரணம் இதுதான். அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர். கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. இப்ப ஹார்மோன் வைத்தியமும் கீமோவும் சேர்த்து நடந்துக்கிட்டிருக்கு. ஆறு கீமோல நாலு முடிஞ்சாச்சு.

விஷயம் கேள்விப்பட்டு போன் பண்ணின பத்து பேர்ல எட்டு பேர் சொல்லி வெச்ச மாதிரி ஒரே வசனத்தைத்தான் சொன்னாங்க. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனுஷன் உடைஞ்சு போயிடுவார்." சித்தப்பா சொன்னார், அக்கா சொன்னாள், ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவர் சொன்னார், நம்ம பதிவர் நண்பர்கள் ரெண்டு பேரும் சொன்னாங்க. எல்லாருமே நல்ல மனசுலதான் சொன்னாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நல்ல மனசோட சொன்னா தப்பு சரியாயிடுமா?

அடுத்தவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன். ஏன்னா நானும் அந்தக் கோஷ்டியில் பதினோரு நாள் உறுப்பினரா இருந்தவன்தான்.

அப்பாவுக்கு வயசு 71. திருநெல்வேலிப் பக்கம் போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். முதுகுவலின்னு மூணு மாசம் தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தார். வாயுன்னாங்க, டிஸ்க்னாங்க. கடைசியில் ஒரு டாக்டர் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொன்னார். நாலைத் தாண்டினாலே யோசிக்கிற சமாச்சாரம். இவருக்கு நானூத்திச் சொச்சம். பயாப்சி பண்ணினாங்க. எலும்பு ஸ்கேன்ல முதுகுத்தண்டு, விலா, இடுப்பு, தொடை எலும்புன்னு வரிசையா புள்ளிகள்.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில், "பெரியவரை வெளிய உக்கார வைங்க"ன்னாங்க. உள்ளே நானும் அத்தானும். டாக்டர் வேகமா சொன்னார்: இந்த கேன்சர் ஆண் ஹார்மோனைத் தின்னு வளருது, முதல் வேலையா அந்த ஹார்மோனை நிறுத்தணும். அதுக்கு ரெண்டு வழி. மாசத்துக்கோ மூணு மாசத்துக்கோ ஒரு தடவை ஊசி, இல்லைன்னா ரெண்டு விதையையும் ஆபரேஷன்ல எடுத்துடறது. ஆபரேஷன்னா ஒரே தடவை, செலவும் குறைச்சல். "நீங்க கையெழுத்துப் போடுங்க சார். அவர்கிட்ட ஹைட்ரோசீல் ஆபரேஷன்னு சொல்லிக்கலாம். வயசானவர்தானே."

மக்கா, நான் பேனாவைக் கையில் எடுத்துட்டேன். இதை ஒத்துக்கத்தான் இந்தப் பதிவு. எங்கப்பா உடம்புல இருந்து ரெண்டு விதையையும் எடுக்கறதுக்கு, அவர் வெளியே பெஞ்சுல உக்காந்து மாத்ருபூமி காலண்டரை வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்கும்போது, நான் கையெழுத்துப் போடத் தயாரா இருந்தேன். அந்த ஃபாரத்துல "நோயாளியின் கையொப்பம்"னு ஒரு கோடு இருந்தது. அதுக்குக் கீழே "உறவினர்"னு இன்னொரு கோடு. மேல்கோடு காலியா இருக்கிறதைப் பார்த்ததும் என்னமோ பண்ணுச்சு. "நாளைக்கு வரேன் சார்"னுட்டு வந்துட்டேன்.

ராத்திரி தங்கமணிகிட்ட சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டாங்க. "நாளைக்கு நம்ம பையன் உங்களுக்கு இதைப் பண்ணினா ஒத்துக்குவீங்களா?"

அன்னைக்குத் தூக்கம் வரலை. நோண்ட ஆரம்பிச்சேன். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு கண்ல பட்டுது. ஒரு பெண் வயித்துக்குள்ள என்ன பிரச்சனைன்னு பார்க்க மட்டும் சம்மதிச்சு மயக்க மருந்து வாங்கிக்கிறாங்க. மயக்கத்துல இருக்கும்போதே டாக்டர் வெளியே இருந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துடறார். நீதிமன்றம் என்ன சொல்லுச்சு? புத்தி தெளிவா இருக்கிற வயசுக்கு வந்த ஒரு ஆளுக்கு, உயிர் போற அவசரம் இல்லாதப்ப, அவங்கதான் சம்மதிக்கணும். அம்மா போட்ட கையெழுத்து செல்லாது. அம்மா கையெழுத்து செல்லாதுன்னா மகன் கையெழுத்து மட்டும் எப்படி செல்லும்?

ஆனா சட்டத்துக்காக நான் சண்டை போடலை. சட்டம் இல்லாட்டியும் இந்த மறைக்கிற வேலை வைத்தியத்துக்கே ஆகாது. அதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

இந்த வைத்தியம் என்னன்னு பார்ப்போம். ஹார்மோனை நிறுத்தினா இந்த கேன்சர் சுருங்கும்னு 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் சிகாகோவில் காட்டிட்டார். 1966-ல் அதுக்கு நோபல் குடுத்தாங்க. ரொம்ப காலம் அதுதான் வைத்தியம். கீமோ எல்லாம் ஹார்மோன் வேலை செய்யறதை நிறுத்தின பிறகு, கடைசிக் காலத்துல.

இதை மாத்தினது 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒண்ணு, பேரு 'சார்ட்டட்'. புதுசாப் பரவின ப்ராஸ்டேட் கேன்சர் உள்ள 790 பேர். பாதிப் பேருக்கு ஹார்மோன் வைத்தியம் மட்டும். மீதிப் பேருக்கு அதோட சேர்த்து, ஆரம்பத்துலயே, மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆறு தடவை டோசிடாக்செல் கீமோ. நடுமட்டக் கணக்கு 44 மாசத்துல இருந்து 57.6 மாசத்துக்குப் போச்சு. நோய் நிறையப் பரவினவங்களுக்கு 32.2 மாசம் 49.2 ஆச்சு. அதாவது கிட்டத்தட்ட ஒண்ணரை வருஷம் கூடுதல். கொஞ்சமாப் பரவினவங்களுக்கு கீமோவால பெரிய லாபம் இல்லைன்னும் பின்னாடி தெரிஞ்சுது. 2022-ல் வெளியான ரெண்டு பெரிய ஆய்வுகள்ல, ஹார்மோன் நிறுத்தம், டோசிடாக்செல் ரெண்டோட அபிராடிரோனோ டாரோலுடமைடோ மாத்திரையா சேர்த்தா இன்னும் நல்லதுன்னு வந்தது. அப்பாவுக்கு இப்ப நடக்கிறது இந்த மூணு சேர்ந்த வைத்தியம்தான். எல்லாருக்கும் இது பொருந்தாது. உடம்பு தாங்கணும், நோய் அந்த அளவுக்குப் பரவியிருக்கணும். கீமோ இல்லாம மாத்திரை மட்டும் சேர்க்கிறவங்களும் நிறைய.

"வயசான காலத்துல கீமோ எதுக்கு, ஊசி போதும்"னு சொன்ன சித்தப்பாவுக்கு அந்த ஒண்ணரை வருஷம்தான் என் பதில். அது வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது சித்தப்பாவா? நானா? இல்லை, அந்த ஒண்ணரை வருஷத்தை வாழப் போறவரா?

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். இந்த வைத்தியத்துக்குத் தயாராகறதுன்னா என்னென்ன வேலை, அதுல எதை நோயாளிக்குத் தெரியாமப் பண்ண முடியும்னு நீங்களே பாருங்க.

ஒண்ணு. ஹார்மோன் போச்சுன்னா உடம்புல என்ன நடக்கும்? திடீர் திடீர்னு உடம்பெல்லாம் தீயா எரிஞ்சு வேர்க்கும். மெனோபாஸ்ல அம்மாவுக்கு வந்த அதே சமாச்சாரம். ஆசை போயிடும், விறைப்பு போயிடும். மார்பு வலிக்கலாம், வீங்கலாம். சதை குறையும், தொப்பை போடும். காரணமில்லாம அழுகை வரும். இதெல்லாம் மருந்தோட வேலைன்னு தெரியாத ஒரு ஆம்பளை என்ன நினைப்பார்? தனக்கு பைத்தியம் பிடிக்குதுன்னு நினைப்பார். யார்கிட்டயும் சொல்ல மாட்டார். 71 வயசுல இதெல்லாம் எதுக்குன்னு சிரிக்கிறவங்க, கொஞ்சம் அடங்குங்க. அது அவங்க ரெண்டு பேர் விஷயம். உங்களை யாரு கேட்டா?

ரெண்டு. ஊசி வழியில் போனா ஒரு வில்லங்கம் இருக்கு. சில ஊசிகள் போட்ட முதல் வாரம், ரெண்டு வாரம் ஹார்மோன் ஏறிட்டுத்தான் இறங்கும். முதுகுத்தண்டுல கட்டி இருக்கிறவங்களுக்கு அது நரம்பை நசுக்கலாம். அதனால முன்கூட்டியே ஒரு தடுப்பு மாத்திரை குடுப்பாங்க, இல்லைன்னா அந்த ஏத்தம் இல்லாத வேற ஊசி போடுவாங்க. எந்த வழியா இருந்தாலும், கால் மரத்துப் போகுது, நடை தள்ளாடுது, ஒண்ணுக்கு வரலைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னா கால் போயிடும். கால் மரத்துப் போறது யாருக்கு முதல்ல தெரியும்? எனக்கா?

மூணு. பல். எலும்பைக் காப்பாத்த சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் மாதிரி மருந்து குடுக்கிறதா இருந்தா, அதுக்கு முன்னாடியே சொத்தைப் பல்லெல்லாம் பிடுங்கி முடிச்சிடணும். பின்னாடி பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போகலாம். "முதுகுவலிக்கு எதுக்குடா பல் டாக்டர்?"னு அப்பா கேட்டா என்ன கதை சொல்வீங்க?

நாலு. கீமோவுக்கு முந்தின ராத்திரியில் இருந்தே ஸ்டீராய்டு மாத்திரை. அலர்ஜி வராம இருக்க, உடம்புல நீர் கோர்க்காம இருக்க. அதுல சர்க்கரை எகிறும். அபிராடிரோன் வெறும் வயித்துல முழுங்கணும், அதோட ஒரு ஸ்டீராய்டு தினம். அதைத் தானா நிறுத்தக் கூடாது. "இது சத்து மாத்திரைப்பா"ன்னு சொல்லி வெச்சிருந்தா, ஒரு நாள் "சத்தெல்லாம் போதும்"னு தூக்கிப் போட்டுடுவார். சத்து மாத்திரைதானே!

அஞ்சு. அவர் வேற என்னென்ன சாப்பிடறார்ங்கிறது. எங்கப்பா ரெண்டு லேகியம், ஒரு சூரணம் சாப்பிட்டுக்கிட்டிருந்தார், வீட்ல யாருக்கும் தெரியாது. டோசிடாக்செல் ஈரல் வழியா வெளியேறுற மருந்து. ஈரல் சரியில்லைன்னா கீமோவே போட மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் போடறாங்க. நாம அவர்கிட்ட மறைக்கிறோம், அவர் நம்மகிட்ட மறைக்கிறார். நடுவுல டாக்டர் என்ன பண்ணுவார், ஜோசியமா பார்ப்பார்?

ஆறு, எல்லாத்தையும் விட முக்கியம். காய்ச்சல். கீமோ போட்டு ஏழுல இருந்து பத்து நாள் வாக்குல வெள்ளை அணு அதல பாதாளத்துக்குப் போகும். அப்ப 100.4 தொட்டுச்சுன்னா அது அவசரம். பாராசிட்டமால் போட்டுக்கிட்டு படுத்தா காய்ச்சல் இறங்கின மாதிரி காட்டும், உள்ளே கிருமி ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும்.

இப்ப சொல்லுங்க. இந்த ஆறுல எதை ரகசியமா பண்ணுவீங்க?

"அதெல்லாம் சரி, நம்ம கலாச்சாரம் வேற. அமெரிக்காக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்வான், நமக்கு அது ஒத்து வராது"ன்னு ஒரு நண்பர் சொன்னார். நண்பரே, 1961-ல் அமெரிக்க டாக்டர்கள்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க. கேன்சர்னு நோயாளிகிட்ட சொல்லாம இருக்கிறதுதான் தங்கள் வழக்கம்னு 90 சதவீதம் பேர் சொன்னாங்க. 1979-ல் அதே கேள்விக்கு, சொல்லிடுவோம்னு 97 சதவீதம் பேர். பதினெட்டு வருஷத்துல கலாச்சாரம் தலைகீழா மாறிடுச்சா? வைத்தியம் மாறுச்சு, நோயாளிக்கும் உரிமை இருக்குன்னு புத்தி வந்தது. அவ்வளவுதான். கலாச்சாரம்னு ஜல்லி அடிக்காதீங்க. 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்துல, தனக்கு கேன்சர்னு தெரிஞ்ச முத்துராமன் தான் செத்துட்டா என்ன பண்ணணும்னு பொண்டாட்டிகிட்ட நேராவே பேசுவார். கடைசியில் பிழைச்சுக்கிறதும் அவர்தான், வைத்தியம் பார்த்த டாக்டர்தான் சாவார். ஸ்ரீதருக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லை :-)

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு, அதை ஒத்துக்கறேன். சிலர் நிஜமாவே தெரிஞ்சுக்க விரும்ப மாட்டாங்க. "எனக்கு ஒண்ணும் சொல்லாதே, நீயே பார்த்துக்கோ"ம்பாங்க. அதுவும் அவங்க உரிமைதான். ஆனா அதை அவங்க சொல்லணும். "உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லட்டுமா, நாங்க பார்த்துக்கட்டுமா?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, அவங்க வேணாம்னா விட்டுடுங்க. கேக்காமலேயே வேணாம்னு நாம முடிவு பண்றதுக்குப் பேரு பாசம் இல்லை. பயம். அவர் அழுதா நம்மால பார்க்க முடியாதுங்கிற பயம். அதை அவர் தலையில் கட்டாதீங்க.

கதைக்கு வரேன். மறுநாள் காலையில் திண்ணையில் உக்காந்து ரிப்போர்ட்டை அப்பா கையில் குடுத்தேன். சொன்னேன். எனக்குத்தான் குரல் உடைஞ்சுது, அவருக்கு இல்லை. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுல அவர் பேர்தான் இருந்தது.

"என் பேருக்கு வந்த தபால ஏம்ல நீ பிரிச்ச?"

முப்பத்தாறு வருஷம் தபால் குடுத்த மனுஷன். சாவுத் தந்தியை எல்லாம் வீட்டு வாசல்ல நின்னு குடுத்திருக்கார். சொல்றதுக்கு மனசு வராம ஒரு தந்தியைக் கூட அவர் பையில் வெச்சுக்கிட்டதில்லையாம். நான் பதினோரு நாள் வெச்சிருந்தேன். எனக்குப் பதில் வரலை.

அப்புறம் மூணு கேள்வி கேட்டார். எவ்வளவு செலவு, அம்மாவுக்குத் தெரியுமா, வலி குறையுமா. சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் பேசலை. அம்மாவை மட்டும் கூப்பிட்டு கொல்லைப்புறத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "ஊசின்னா மாசாமாசம் பஸ் ஏறணும்லா? ஆபரேஷனே பண்ணிருவோம். சோலி முடிஞ்சுது."

பாருங்க, நான் கையெழுத்துப் போட இருந்த அதே ஆபரேஷன்தான். முடிவு மாறலை. ஆனா மேல்கோட்டுல அவர் கையெழுத்து. டாக்டர்கிட்ட அவரே நாலு கேள்வி கேட்டார், டாக்டரும் உக்கார வெச்சுப் பொறுமையா பதில் சொன்னார். டாக்டர்களையும் ஒரேயடியா திட்ட வேணாம். வெளியே உக்கார வைங்கன்னு பழக்கினது பாதி நாமதான்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கிட்டார். ரெஜிஸ்டர் தபாலுக்குப் பதிவு போடற மாதிரி தேதி, நேரம், காய்ச்சல் அளவு, மாத்திரை, சர்க்கரை எல்லாம் எழுதறார். ரெண்டாவது கீமோ முடிஞ்சு ஒன்பதாம் நாள், ராத்திரி ரெண்டு மணிக்கு என் கதவைத் தட்டினார். "நூறு புள்ளி எட்டு இருக்குல. கிளம்பு." சட்டை மாத்தி, பையில் பழைய ரிப்போர்ட்டெல்லாம் வெச்சு, அவர் ரெடியா நிக்கிறார். வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லவே இல்லைன்னாங்க. நாலு நாள் ஊசி மருந்து, தேறி வந்துட்டார். "காலையில் வந்திருந்தா கஷ்டமாயிருக்கும்"னு அங்கே இருந்த டாக்டர் சொன்னார்.

சத்து ஊசி போட்டிருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருந்த அப்பாவா இருந்தா, ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கிட்டு, எங்களை எதுக்கு எழுப்பணும்னு போர்த்திக்கிட்டு படுத்திருப்பார். அவர் குணம் அதுதான்.

உடைஞ்சு போயிடுவார்னு சொன்ன எட்டு பேரும் இதைப் படிச்சுட்டு பதில் சொல்லுங்க. அவர் உடையலையான்னா, உடைஞ்சார். மூணாவது கீமோவுக்கு அப்புறம் விரல் நுனியெல்லாம் மரத்துப் போய், ஒரு நாள் சட்டைப் பித்தான் போட முடியாம அழுதார். ஆனா எதுக்கு அழறோம்னு அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், பக்கத்துல உக்காந்திருந்தோம். தெரியாமலே இருந்திருந்தா அவர் தனியா அழுதிருப்பார். அதுதான் வித்தியாசம்.

இந்த நோய் முழுசா போகாதுன்னு அவருக்குத் தெரியும். பி.எஸ்.ஏ. இப்ப ஒத்தை இலக்கத்துக்கு வந்திருக்கு. அந்த நம்பரையும் நோட்டுல எழுதி, அடியில் கோடு போட்டு வெச்சிருக்கார்.

கடைசியா ஒண்ணு. இதைப் பதிவா போடறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன். விதை மேட்டர் வர்ற இடத்துல சங்கடமா இருந்தது, "அத எடுத்துட்டா என்னத்தல எழுதப் போற?"ன்னுட்டார். பின்னூட்டங்களைப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்கார். எதையும் மட்டுறுத்தாம அப்படியே குடுக்கிறதா வாக்கு குடுத்திருக்கேன். திட்டறதா இருந்தாலும் திட்டுங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.

அவர் பேருக்கு வர்ற தபால். நான் பிரிக்க மாட்டேன்.